மாமனார் ஊருக்குப் போயிருக்கும்போது கார் போர்ச்சைக் காலி செய்யலாமா?

வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதம் இது. யாரென்று தெரியாதபடி சுருக்கித் தருகிறேன். அவருக்கு 43 வயது. கணவர், பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள், 74 வயது மாமனார் ஆகியோருடன் சிங்கப்பூரில் ஒரு தரைவீட்டில் வசிக்கிறார். வீடு மாமனார் பெயரில் இருக்கிறது. அவர் கப்பல் பட்டறையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் தூக்கிப்போடாத பழக்கம் முதலிலிருந்தே அவருக்கு உண்டு. ஆனால் 3 ஆண்டுகளுக்கு முன்பு மாமியார் தவறிய பிறகுதான் கார் போர்ச் முழுக்கச் சாமான் ஏறியிருக்கிறது. பழைய மின்விசிறிகள், வெட்டிய வயர் துண்டுகள், பிளைவுட் பலகைகள், பாதி தீர்ந்த பெயிண்ட் டின்கள், அக்கம்பக்கத்தார் வேண்டாமென்று வெளியே வைத்த அலமாரிகள், எல்லாவற்றுக்கும் நடுவில் மாமியாரின் ஆட்டுக்கல்.

இதனால் கார் வெளியே சாலையில் நிற்கிறது. அந்த இடத்தை வேறு யாரும் பிடித்துவிடக் கூடாதென்று கணவர் இரண்டு பூந்தொட்டிகளை வைக்க, பக்கத்து வீட்டாரோடு வாக்குவாதம். போதாக்குறைக்கு, சோதனைக்கு வந்த தேசிய சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் ஆட்டுக்கல் குழியில் தேங்கிய மழைநீரில் கொசுப்புழுக்களைக் கண்டுபிடித்தார்கள். அபராதக் கடிதத்தை மாமனார் படித்து, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த மாதம் அவர் மூன்று வாரம் தஞ்சாவூர்ப் பக்கம் சொந்த ஊருக்குப் போகிறார். அந்த நேரத்தில் லாரியோடு ஆட்களைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் அள்ளிவிடலாம் என்று வாசகி முன்பணமும் கொடுத்துவிட்டார். "ராக் வாங்கி அடுக்கினால் போதும்" என்கிறார் கணவர். வாசகியின் கேள்விகள் இவை: அவர் இல்லாதபோது காலி செய்வது தவறா? இது ஒரு மனநோயா? நம் வீட்டுக்குள் நாம் எதை வைத்தாலும் சட்டம் தலையிடுமா? இனி இந்த இடம் மறுபடி நிறையாமல் இருக்க என்ன வழி?

அன்புச் சகோதரிக்கு,

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். அந்த லாரியை வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். முன்பணம் போனாலும் பரவாயில்லை. உங்கள் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. தினமும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பலகைகளுக்கு இடையே ஒருக்களித்து நடந்து வாசலுக்கு வரும் உங்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். மழையில் நனைந்துகொண்டு காருக்கு ஓடுவது, பக்கத்து வீட்டாரின் பேச்சைக் கேட்பது, விருந்தாளிகளைக் கூப்பிடத் தயங்குவது எல்லாமே உண்மையான கஷ்டங்கள்தான். அந்த இடம் காலியாக வேண்டும் என்பதில் நானும் உங்கள் பக்கம். வழியில்தான் நான் வேறுபடுகிறேன்.

மனைவியை இழந்த ஒரு மனிதர் ஊரிலிருந்து திரும்பி வந்து கேட்டைத் திறக்கும்போது அங்கே வெறும் தரை மட்டும் இருந்தால், சாமான் போனதோடு அது நிற்காது. அந்த வீட்டில் தன்னைக் கேட்காமல் எதுவும் நடக்கலாம் என்ற பயம் அவருக்குள் புகுந்துவிடும். இப்படிச் சொல்லாமல் காலி செய்த குடும்பங்கள் பலவற்றை ஆலோசனை அறையில் சந்தித்திருக்கிறேன். பெரும்பாலும் நடப்பது இதுதான்: இடம் மறுபடி நிறையும், முன்பைவிட வேகமாக. இந்த முறை பெரியவர் அறைக்குள்ளும் கட்டிலுக்கு அடியிலும் வைத்துப் பூட்டுவார். போர்ச்சில் இருந்தபோது கண்ணுக்குத் தெரிந்ததாவது இருந்தது.

இன்னொன்று. "வீடு எப்படியும் எங்களுக்குத்தான் வரப்போகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். வரலாம். இன்றைக்கு வீடும் அவருடையது, அந்தச் சாமான்களும் அவருடையவை. அவர் அனுமதி இல்லாமல் விற்கவோ அகற்றவோ உங்களுக்கு உரிமை கிடையாது. குடும்பத்துக்குள் யாரும் வழக்குப் போடப்போவதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் இதை மனதில் வைத்துக்கொண்டு பேசினால், உங்கள் பேச்சின் தொனியே மாறும்.

இது நோயா?

இணையத்தில் படித்துவிட்டு "மாமாவுக்குப் பொருள் சேர்க்கும் நோய்" என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அப்படி ஒரு நோய் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2013இல் அதைத் தனி நோயாகவே சேர்த்தது. மதிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எதையும் விட முடியாமை, விடச் சொன்னால் கடும் மனவேதனை, இதனால் அன்றாடம் புழங்கும் அறைகளே பயன்படாமல் போவது ஆகியவை அதன் முக்கிய அடையாளங்கள். படுக்கையில் படுக்க முடியாது, அடுப்பில் சமைக்க முடியாது என்கிற நிலை அது.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மாமனாரின் அறை சுத்தமாக இருக்கிறது என்கிறீர்கள். சமையலறை, கூடம் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. குவியல் போர்ச்சோடு நிற்கிறது. கராஜ், பரண் போன்ற இடங்களில் மட்டும் சாமான் சேர்வதை வைத்து மருத்துவர்கள் பொதுவாக இந்த நோயென்று முடிவு செய்வதில்லை. எனக்குத் தெரிவது வேறு. வாழ்நாள் முழுக்க உடைந்ததைச் சரிசெய்து பிழைத்த ஒருவர், சரிசெய்ய முடியாத ஓர் இழப்பைச் சந்தித்திருக்கிறார். தெருவில் கிடக்கும் மின்விசிறியைப் பார்த்ததும் "இதை ஓட வைத்துவிடலாம்" என்று அவருக்குத் தோன்றுவதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் நேரில் பார்க்காமல் இதை நான் உறுதியாகச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

சில அறிகுறிகள் தெரிந்தால் தாமதிக்காமல் பலதுறை மருந்தகத்துக்கோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ கூட்டிப்போங்கள். பெயர்கள், வழிகள் மறந்துபோவது, கெட்டுப்போன உணவையும் குப்பையையும் எடுத்து வைப்பது, குளிக்க மறுப்பது, குணமே மாறிப்போனது போல் நடந்துகொள்வது ஆகியவை அந்த அறிகுறிகள். முதுமையில் திடீரென்று தொடங்கும் பொருள் சேர்ப்பு சில சமயம் மறதி நோயின் தொடக்கமாக இருக்கும். மனச்சோர்வும் காரணமாக இருக்கலாம். அந்த அபராதக் கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாரே, அது அலட்சியம் என்று உங்களுக்குப் பட்டிருக்கிறது. எனக்கு அவமானம் என்று படுகிறது. மனைவி மாவு ஆட்டிய கல்லைக் காட்டி அதிகாரிகள் குற்றம் சொன்னபோது அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

சட்டம் எங்கே தலையிடும்

"எங்கள் வாசலுக்குள் இருப்பதை யாரும் கேட்க முடியாது" என்ற எண்ணம் தவறு. கொசு விஷயத்தில் தனியார் வீடு என்ற வேறுபாடே கிடையாது. அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து சோதிக்கலாம். இனப்பெருக்கம் கண்டுபிடிக்கப்பட்டால் அபராதம் 200 வெள்ளியிலிருந்து தொடங்கும். திரும்ப நடந்தால் கூடும். டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக நம் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு வாரம் போதும். முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் தாங்கும், தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தார்ப்பாயின் மடிப்பு, கவிழ்க்காத பெயிண்ட் டின் மூடி, நிமிர்த்தி வைத்த குழாய்த் துண்டு என்று போர்ச்சில் தண்ணீர் நிற்கும் இடங்கள் நிறைய. ஒரு ஸ்பூன் அளவு தண்ணீரே கொசுவுக்குப் போதும்.

பூந்தொட்டி விஷயத்தில் உங்கள் கணவரின் மேல்தான் தவறு. வீட்டுக்கு முன்னால் இருந்தாலும் அது பொதுச் சாலை. தொட்டியோ நாற்காலியோ வைத்து இடம் பிடிக்க யாருக்கும் அனுமதியில்லை என்பதை நிலப் போக்குவரத்து ஆணையம் பலமுறை சொல்லியிருக்கிறது. அவற்றை இன்றே எடுத்துவிட்டு, பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவியுங்கள். (வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடியில் இருக்கும் வாசகர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பொது நடைபாதையில் குறைந்தது 1.2 மீட்டர் வழி எப்போதும் காலியாக இருக்க வேண்டும், எளிதில் தீப்பிடிக்கும் சாமான்களை அங்கே வைக்கக் கூடாது.)

இந்த வாரமே செய்ய வேண்டியது

ஒழுங்குபடுத்துவதைப் பிறகு பார்க்கலாம். முதலில் ஆபத்தை விலக்குங்கள். இதற்கு மட்டும் மாமனாரின் மனநிலைக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆனால் அவர் பார்க்க, அவரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். அவர் எலக்ட்ரீஷியன். தீ எப்படிப் பிடிக்கும் என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். "மாமா, இதுல எது எது ஆபத்துன்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்று கேளுங்கள்.

தின்னர், டர்பன்டைன் போன்றவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி எங்கோ இருக்கும் தீப்பொறியை எட்டிவிடும். லின்சீட் எண்ணெய் கலந்த மர மெருகைத் துடைத்த துணிகளைச் சுருட்டி ஒரு மூலையில் போட்டுவைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். அவற்றைத் தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள டின்னில் போட்டு அகற்றுங்கள். கணவரின் மின்சைக்கிளை இரவு முழுக்க வாசல் கதவோரம் சார்ஜில் போடுவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வெளியேறும் வழியில் பேட்டரி சார்ஜ் செய்வது, அதிலும் எல்லாரும் தூங்கும் நேரத்தில் செய்வது, அந்த முழுக் குவியலைவிடவும் ஆபத்து. அதை இன்றிரவே நிறுத்துங்கள். 2018 ஜூன் முதல் கட்டப்படும் புதிய வீடுகளுக்குப் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். உங்கள் வீடு பழையது என்றாலும் ஒன்று வாங்கி மாட்டுங்கள், சிறிய தீயணைப்பான் ஒன்றும் இருக்கட்டும்.

வாசலிலிருந்து கேட் வரை இரண்டு பேர் சேர்ந்து நடக்கும் அகலத்துக்கு வழி விடுங்கள். பெரியவருக்கு இரவில் உடம்புக்கு முடியாமல் போனால், ஸ்ட்ரெச்சர் அந்த வழியாகத்தான் வர வேண்டும். இந்தக் காரணத்தை மறுக்கும் பெரியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆட்டுக்கல்லை நன்றாகத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, மழை படாத பின்கட்டுக்கு இரண்டு ஆட்களை வைத்துத் தூக்கி வையுங்கள். வேறெதையும் தொடும் முன் இதைச் செய்யுங்கள். நீங்கள் எதைக் காப்பாற்றப் போகிறீர்கள் என்பதை அவர் முதலில் பார்க்க வேண்டும்.

பேச்சை யார் தொடங்குவது

நீங்கள் வேண்டாம், உங்கள் கணவர் தொடங்கட்டும். மருமகள் எவ்வளவு பக்குவமாகச் சொன்னாலும் "வந்தவள் என் பொண்டாட்டி சாமானைத் தூக்கிப் போடுகிறாள்" என்றுதான் அந்தக் காதுக்கு எட்டும். மகன் பேச வேண்டிய பேச்சு இது. அம்மாவை இழந்தது அவரும்தானே. அப்பாவும் மகனும் அதைப் பற்றி உட்கார்ந்து பேசியதே இல்லை என்று உங்கள் கடிதத்தின் ஒரு வரி சொல்கிறது. போர்ச்சைச் சுத்தம் செய்யும் சாக்கில் அந்தப் பேச்சும் நடந்தால் நல்லது.

எப்படித் தொடங்குவது? "இதெல்லாம் குப்பை" என்ற சொல் வாயில் வரவே கூடாது. "அப்பா, கார் உள்ள வரணும். உங்க டூல்ஸெல்லாம் மழையில துரு பிடிக்குது. எதை எங்க வைக்கலாம்னு நீங்க சொல்லுங்க, நான் தூக்கி வைக்கிறேன்." இவ்வளவு போதும். முடிவு அவருடையது, உழைப்பு மகனுடையது. ஞாயிறு காலையில் ஒன்றரை மணி நேரம் செய்யுங்கள், அதற்கு மேல் வேண்டாம். களைத்துப்போன மனிதர் எதையும் விடமாட்டார்.

அதற்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள். அந்தப் போர்ச்சில் உங்கள் பிள்ளைகளின் பழைய பிராம், சக்கரம் உடைந்த பயணப்பெட்டிகள், பிரிக்காத கல்யாண அன்பளிப்புப் பாத்திரங்கள் எல்லாம் இருப்பதாகக் கடிதத்தின் ஓர் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவற்றை முதலில் நீங்கள் எடுங்கள், அவர் கண் முன்னால். குவியல் அவருடையது மட்டுமல்ல என்று நீங்கள் ஒப்புக்கொள்வது, எந்த வாதத்தையும்விட நன்றாக வேலை செய்யும்.

பிரிக்கும்போது எளிதானதிலிருந்து தொடங்குங்கள். ஒரே மாதிரி ஐந்து இருந்தால் அவர் சிறந்ததாகத் தேர்ந்தெடுக்கும் இரண்டு இருக்கட்டும். மாமியாரின் பொருட்களைக் கடைசிக்கு விடுங்கள், அவசரமே இல்லை. ஒரு பொருளைக் கையில் எடுத்து அவர் கதை சொல்ல ஆரம்பித்தால் குறுக்கிடாதீர்கள். கதையைக் கேட்ட பிறகு பொருளை விட்டுக்கொடுப்பவர்கள் நிறையப் பேர்.

விடுவதற்கு ஒப்புக்கொண்டதை எங்கே அனுப்புவது

பெரியவர்கள் பலர் பொருளை விட மறுப்பது, அது வீணாகிவிடுமே என்ற மனக்கஷ்டத்தால்தான். போகும் இடம் தெரிந்தால் கை தளரும். வயர் துண்டுகளிலுள்ள செம்பு, இரும்புச் சாமான், பழைய மின்விசிறி ஆகியவற்றை, வீடு வீடாக வந்து பழைய சாமான் வாங்கும் காராங்கூனிக்காரர் காசு கொடுத்தே வாங்குவார். அந்தப் பேரத்தை மாமனாரே பேசட்டும். பழைய கணினி, பேட்டரி, பல்புகளுக்குக் கடைத்தொகுதிகளிலும் பெரிய மின்பொருள் கடைகளிலும் மின்கழிவுத் தொட்டிகள் உண்டு. 2021 ஜூலையில் தொடங்கிய திட்டத்தின்படி, புதிய குளிர்பதனப் பெட்டியோ சலவை இயந்திரமோ கொண்டுவரும் கடை, நீங்கள் கேட்டால் அதே வகைப் பழையதை இலவசமாக எடுத்துச் செல்ல வேண்டும். வீவக வீடுகளில் பெரிய சாமான்களை அகற்ற நகர மன்றம் உதவும். தரைவீட்டுக்காரர்கள் தங்கள் வட்டாரத்தின் பொதுக் கழிவு சேகரிப்பு நிறுவனத்தைத்தான் கூப்பிட வேண்டும், அதற்குக் கட்டணம் உண்டு.

மிச்சப் பெயிண்டைத் தயவுசெய்து வாசல் கால்வாயில் ஊற்றாதீர்கள். நம் மழைநீர்க் கால்வாய்களில் பெரும்பாலானவை நீர்த்தேக்கங்களுக்குப் போகின்றன. தண்ணீர் கலந்த வகைப் பெயிண்ட் என்றால் பழைய செய்தித்தாளில் உறிஞ்சவிட்டு, காய்ந்த பிறகு குப்பையில் போடலாம்.

மாமனாரின் கைத்திறனுக்கும் ஒரு போக்கிடம் வேண்டும். உடைந்த பொருட்களைத் தூக்கிப்போடாமல் குடியிருப்பாளர்களே சரிசெய்யக் கற்றுக்கொடுக்கும் 'ரிப்பேர் கோப்பித்தியாம்' போன்ற தொண்டூழிய முயற்சிகள் இங்கே நடந்திருக்கின்றன. மின்விசிறியைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஓர் ஆளை அப்படிப்பட்ட இடங்கள் இரு கை நீட்டி வரவேற்கும். உங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் விசாரியுங்கள். எனக்கு இந்தக் கடிதத்தில் மிகவும் நம்பிக்கை தந்த விஷயம் இதுதான்.

ராக் வாங்குவதற்கு முன்

உங்கள் கணவரின் யோசனை தவறில்லை, வரிசைதான் தவறு. பிரிக்காமல் ராக் வாங்கினால், தரையில் இருந்த குவியல் சுவரில் ஏறும், அவ்வளவுதான். முதலில் காருக்கான இடத்தைத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக் குறியுங்கள். இங்கே கார் நிறுத்துமிடத்தின் வழக்கமான அளவு 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். அதோடு கதவு திறந்து பிள்ளைகள் இறங்கும் அகலத்தையும் சேருங்கள். அந்தக் கோட்டுக்குள் எதுவும் வரக் கூடாது. மீதி இடத்தில் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவுதான் வைத்துக்கொள்வது.

மழைச்சாரல் அடிக்கும் போர்ச்சில் பிளைவுட் அலமாரி உப்பிப்போகும், அட்டைப்பெட்டியில் கரையானும் கரப்பானும் குடியேறும். துருப்பிடிக்காத இரும்பு ராக், மூடியுள்ள ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டிகள் ஆகியவையே சரி. உள்ளே இருப்பது வெளியே தெரிந்தால், இருப்பதையே மறுபடி வாங்கமாட்டோம். கீழ்த்தட்டு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கட்டும், கழுவிவிடவும் தண்ணீர் தேங்காமல் பார்க்கவும் வசதி. ராக்கைச் சுவரோடு கட்டாயம் திருகிப் பிணையுங்கள். கனமானது கீழே, அடிக்கடி எடுப்பது இடுப்பு உயரத்தில். 74 வயதுக்காரர் ஏணி ஏறி எடுக்கும்படி எதுவும் இருக்கக் கூடாது.

ஒரு சுவர் முழுக்க மாமனாருக்கு விடுங்கள். நல்ல வெளிச்சம், ஒரு மேசை, டூல்ஸ் மாட்ட ஒரு பலகை. அந்தச் சுவருக்குள் அவர் எப்படி வைத்தாலும் நீங்கள் கேட்கக் கூடாது. அதற்கு வெளியே வந்தால் கேட்கலாம். புதிதாக ஒன்று வந்தால் பழையது ஒன்று போக வேண்டும் என்பது உங்களுக்கும் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து வைக்கும் விதியாக இருந்தால்தான் அவரும் மதிப்பார். தீபாவளிக்கு முன்பு ஒரு முறை, பள்ளி விடுமுறையில் ஒரு முறை என்று ஆண்டுக்கு இருமுறை எல்லாரும் சேர்ந்து பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு பேசியும் அவர் அசையவில்லை, அல்லது பேச்செடுத்தாலே கலங்கிப்போகிறார் என்றால், தனியாகப் போராடாதீர்கள். வட்டாரக் குடும்பச் சேவை நிலையத்துக்கு அவர் வராவிட்டாலும் நீங்கள் மட்டும் போய்ப் பேசலாம். தமிழில் பேச வேண்டுமென்றால் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் குடும்பச் சேவை நிலையம் இருக்கிறது. முதியோர் பராமரிப்பு உதவிக்கு ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800 650 6060 என்ற எண்ணில் அழைக்கலாம். மனநல ஆலோசனைக்கு 1771 என்ற தேசிய எண் எந்நேரமும் செயல்படும். உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியில் நீங்கள் சரியாகத் தூங்கி நாளாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணை மாமனாருக்காக மட்டும் குறித்துக்கொள்ளாதீர்கள். இந்த வாரமே உங்களுக்காக ஒரு முறை அழைத்துப் பேசுங்கள்.